அட்வான்ஸ் மொட்டை

பிப்ரவரி 9, ஞாயிறு

சாயப்பட்டறை முதலாளி கொடுத்த டைரி. ஜனவரிப் பக்கங்கள் பால் கணக்குக்குப் போய்விட்டன. இன்றிலிருந்து இதில் என் சரித்திரம். நாளைக்கு யாராவது திருப்பூர் வரலாறு எழுத உட்கார்ந்தால், சென்னியப்பன் யார் என்று தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டு அலையக் கூடாது.

சுருக்கமாகச் சொல்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. அதில் பாஸா ஃபெயிலா என்பதில் எனக்கும் வாத்தியாருக்கும் அன்றைக்கே கருத்து வேறுபாடு. பிறகு முப்பது வருடம் ஏற்றுமதித் துறை. என் கை படாமல் எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டிகூட வெளிநாடு போனதில்லை. பெட்டிக்கு டேப் ஒட்டுவது சின்ன வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் ஒட்டிப் பார்க்கட்டும். மனைவி தவறிப்போய்ச் சில வருடம் ஆகிறது. ஒரே மகன் ரங்கநாதன் மெல்போர்னில் இருக்கிறான். ஆஸ்திரேலியாவின் கம்ப்யூட்டர்களில் பாதி அவன் சொல்படிதான் நடக்கின்றன.

கீழ்வீட்டில் நான். மாடியில் ஒரு நைஜீரியாக் குடும்பம். இஃபெயானி இங்கே பனியன் வாங்கி லாகோசுக்குக் கப்பலில் அனுப்புகிறவர். அவர் சம்சாரம் ஒபியாகேலி. மகள் சினேலோ, பதினோரு வயது. தெருவுக்கு அவள் சின்னு. இவர்களுக்கு வீடு கொடுக்க ஊரே யோசித்தபோது துணிந்து கொடுத்தவன் நான். வெளிநாட்டு விருந்தினர் என்கிற மரியாதைக்காக வாடகை மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன்.

சின்னுவுக்கு நான் தாய்மாமன். காது குத்தும்போது ஆசாரி கடையில் என் மடியில்தான் உட்கார்ந்தாள். கடையில் ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது, அதில் நான் முந்தி உட்கார்ந்துவிட்டேன் என்பது வேறு விஷயம். அந்தப் போட்டோ அவர்கள் ஊரான எனுகுவுக்குப் போயிருக்கிறது. இந்தப் பெரிய மனுஷர் யார் என்று போனில் கேட்டார்களாம். இஃபெயானி வாயைத் திறப்பதற்குள் "மதர்ஸ் பிரதர்!" என்று நானே கத்திவிட்டேன். அவர்கள் வழக்கத்திலும் தாய்மாமனுக்குத் தனி இடமாம். அன்றிலிருந்து எனுகுவில் என் பெயரைச் சொல்லாமல் யாரும் காலையில் காப்பி குடிப்பதில்லை என்று கேள்வி.

பிப்ரவரி 13, வியாழன்

சங்கடமான செய்தி. மாடிப்படியில் இஃபெயானி நிறுத்தினார்.

"அண்ணா, ஜூன்ல சின்னு ஊருக்குப் போறா."

"லீவுக்குங்களா?"

"படிக்க. ஆறாவது அங்கதான். அண்ணன் சொல்லிட்டார்."

அண்ணன் என்பது ஒபியோரா. அந்த ஊரில் பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர், குடும்பத்துக்கும் அவர்தான் தலைமை. வாரம் தவறாமல் வீடியோவில் கூப்பிடுகிறார். அவர்கள் பாஷையான இக்போவில் என்ன கேட்டாலும் சின்னு "ம்" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மா கையில் கொடுத்துவிடுகிறாளாம். ஒரு வருடத்துக்கு மேலாக இதே கதை. பார்த்தார் பெரியவர். ஈஸ்டர் வரைக்கும் கெடு. ஈஸ்டர் அன்றைக்கு மொத்தக் குடும்பமும் கூடி இருக்கும்போது போனில் சின்னு தன் பாஷையில் பேச வேண்டும். பேசாவிட்டால் ஜூனில் விமானம். பத்தாவது முடித்துத்தான் திரும்புவாள்.

ஒபியாகேலி துணி காயப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் எங்க பாஷையில கேக்குறேன் ஓனர். அவ தமிழ்ல பதில் சொல்றா. திட்டினாலும் தமிழ். அழுதாலும் தமிழ்."

"தமிழு நல்ல பாஷைதானுங்க."

"நல்ல பாஷைதான். ஆனா எம் பொண்ணுக்கு எம் பாஷை வேணாமா?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. தண்ணீர் மோட்டார் நிறுத்தப் போகவேண்டி வந்துவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். சின்னுவுக்கு நானே இக்போ சொல்லித்தரப் போகிறேன். பாஷை தெரியாதது ஒரு குறையே அல்ல.

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் வகுப்பு. இடம்: என் வீட்டு வாசல்படி. கட்டணம்: ஒரு படி கடலைக்காய், இருவரும் உரித்துத் தின்பது.

நான் முறையாக ஆரம்பித்தேன். "சின்னு, 'சௌக்கியமா'ங்கறதுக்கு உங்க பாஷையில என்ன?"

"கெடு."

"நல்லா இருக்கறயான்னு கேக்கறதுக்கே கெடுன்னு சொல்றதா? நெம்ப நல்ல ஊரு!"

"அப்பிடி இழுக்காதீங்க மாமா. வெசையாச் சொல்லோணும். கெடூ இல்ல. கெடு."

வேண்டாம் என்பதற்கு 'ம்பா'. வா வா என்று வரவேற்பதற்கு 'ன்னோ'. நன்றிக்கு 'தாலு'. நான் ஒரு சொல்லைச் சொன்னால் அவள் அதைத் திருத்துவாள். அவள் திருத்தியதை நான் சொன்னால் மறுபடி திருத்துவாள். இப்படி ஒரு மணி நேரத்தில் நாலு வார்த்தைகளை அவளுக்குப் பழுதில்லாமல் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நல்ல மாணவி. ஒருதடவை சொன்னால் போதும், ஏற்கெனவே தெரிந்தமாதிரி பிடித்துக்கொள்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மெல்போர்னுக்குப் போன் போட்டேன். பேத்தி மித்ரா நீச்சல் கிளாசுக்குப் போயிருக்கிறாளாம். ஏழு வயதில் இத்தனை நீச்சல் யாருக்கு வரும்? பொங்கலிலிருந்து நான் கூப்பிடும்போதெல்லாம் தண்ணீரில்தான் இருக்கிறாள். இப்படியே போனால் ஒலிம்பிக்கில் பார்க்கலாம். எந்த நாட்டுக்கு விளையாடுவாள் என்பதைப் பேசி முடித்துக்கொள்ளலாம்.

மாலையில் வகுப்பு. ஒன்று முதல் பத்து வரை. எனக்கு ஏழில் நாக்கு மாட்டிக்கொண்டது.

மார்ச் 2, ஞாயிறு

டீக்கடைத் துரைசாமி, "ஏனுங் சென்னியப்பண்ணா, பேத்தி போன் பண்ணுச்சுங்களா? பொங்கல்னைக்கு மாதிரி ஒருக்காப் பேசச் சொல்லுங்க, சிரிச்சு நாளாச்சு" என்றான்.

அந்தக் கூத்தை எழுத மறந்துவிட்டேன். பொங்கலன்று டீக்கடையில் இருக்கும்போது மித்ரா கூப்பிட்டாள். "தாத்தா, நான் பொங்கலைக் குடிச்சேன். மாடு வந்துச்சான்?" என்றாள். வெள்ளைக்காரி தோற்றாள்! உடனே ஸ்பீக்கரில் போட்டு, "சாமி, இவங்களுக்குக் கேக்கல, மறுக்காச் சொல்லு" என்றேன். சொன்னாள். கடையே சிரித்தது. இன்னொருக்கா என்றேன். மூன்றாவது தடவை பாதியில் லைன் போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் சிக்னல் அவ்வளவு சரியில்லை போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

வகுப்பில் இன்று சின்னு ஒரு முழு வாக்கியம் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். பிறகு இன்னொன்று. வேகமாக, மழை பெய்கிற மாதிரி. சட்டென்று நிறுத்திக்கொண்டு கடலைக்காய் உரித்தாள்.

"ஏஞ் சாமி, இத்தனை பேசற. பெரியப்பன் கேட்டா மட்டும் எதுக்கு வாயில மண்ணப் போட்டுட்டு உக்காந்துக்கற?"

"பேசுனா சிரிக்கறாங்க மாமா."

"ஆரு?"

"எல்லாருந்தான். முந்துன கிறிஸ்மசுக்குப் பேசுனேன். 'இந்தியாக்காரி பேசறா பாரு'ன்னு பெரியப்பா ஸ்பீக்கர்ல போட்டுச்சு. மறுக்காச் சொல்லு, மறுக்காச் சொல்லுன்னாங்க. சரியாக் கேக்கலையாட்ட இருக்குதுன்னு மூணுக்காச் சொன்னேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, சிரிக்கறக்குத்தான் சொல்லச் சொல்றாங்கன்னு."

"கொழந்தை பேசுனாப் பெரியவங்க சிரிக்கத்தான் செய்வாங்க. அது பாசத்துல சிரிக்கறது."

"உங்களப் பாத்து ஆராச்சும் அப்பிடிப் பாசமாச் சிரிச்சாத் தெரியும்."

"செரி, அம்மாகிட்டயாச்சும் இதச் சொல்லு."

"ம்பா. அம்மாவும் அன்னிக்குச் சிரிச்சுச்சு. நீங்களும் சொல்லக் கூடாது, மாமன்னா சத்தியம்."

சத்தியம் செய்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சாம்பாரில் புளி அதிகம்.

மார்ச் 14, வெள்ளி

சின்னு படிக்கும் பள்ளி ஆண்டு விழா. ஐந்தாம் வகுப்பில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு நம் சின்னுவுக்குத்தான். மைக்கைப் பிடித்து "அவையோர் அனைவருக்கும்" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், தலைமை விருந்தினர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பரம்பரையில் எல்லோருக்கும் குரல் வளம் உண்டு.

எனக்குப் பக்கத்தில் ஒபியாகேலி. பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள். தட்டிக்கொண்டே குனிந்து என் காதில், "ஓனர், எம் பொண்ணு என்ன சொன்னா?" என்றாள். கறிகாய்க் கடைத் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேடைத் தமிழ் வேறல்லவா?

"தாயோட பெருமையப் பத்திப் பேசுனாளுங்க" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேசியது பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி.

மார்ச் 23, ஞாயிறு

ஒபியோரா கூப்பிட்டபோது நானும் மாடியில் இருந்தேன். தற்செயலாகத்தான். நாலாவது தடவையாக வாடகை ரசீது கொடுக்கப் போயிருந்தேன்.

நல்ல ஆகிருதி. மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வை. என் எட்டாம் வகுப்பு வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டது. பின்னால் ஒரு பத்துப் பேர், சின்னுவுக்குத் தம்பி தங்கை முறையாகிறவர்கள், முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர் ஏதோ கேட்டார். அதட்டலாக இல்லை. கெஞ்சல் மாதிரிகூட இருந்தது. சின்னு "ம்" என்றாள். பின்னால் ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டான். உடனே அவள் போனை அம்மா கையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இங்கிலீஷில், "என் வீட்டுப் பிள்ளை என்னைக் கண்டால் வட்டிக்காரனைக் கண்ட மாதிரி ஓடுகிறாள்" என்கிற பொருளில் ஏதோ சொன்னார். வட்டிக்காரன் என்று சொல்லவில்லை. அது நான் சேர்த்தது. மற்றபடி அதுதான்.

அந்த மனுஷரைத் திட்டலாம் என்றுதான் ரசீதுடன் ஏறினேன். ரசீதை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜூன் மூன்றாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டார்களாம். "பேசுனா கேன்சல் பண்ணிக்கலாம் அண்ணா" என்றார் இஃபெயானி. ஒபியாகேலி பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னு கீழே வந்தாள். கடலைக்காயைத் தொடவில்லை. "மாமா, என்ற சைக்கிள துரைசாமி மாமாவோட புள்ளைக்குக் குடுத்தரட்டுங்களா? இங்க நின்னா டயரு வீணாப் போகும்" என்றாள்.

"நீ ஈஸ்டருக்கு ரெண்டு வார்த்தை பேசீட்டா ஒரு டயரும் வீணாகாது."

"பேச மாட்டேன்."

"அங்க போனா தெனமும் பேசோணுமல்லோ?"

"அங்க போயி நெசமாவே ஊமையாயிருவேன்."

பிடிவாதம். மாமனைக் கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பழனி முருகனிடம் பேசியாயிற்று. சின்னு வாயைத் திறந்து, பயணம் நின்றால் மொட்டை. என் முடி. அறுபதிலும் இவ்வளவு அடர்த்தியான முடி இந்த வார்டில் யாருக்கும் கிடையாது. பின்னந்தலையில் மட்டும் சற்று இடைவெளி விட்டு முளைத்திருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மெல்போர்னுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டேன். நீச்சல். சின்னுவும் கீழே இறங்கவில்லை. கடலைக்காய் நமுத்துவிட்டது.

ஏப்ரல் 19, சனி

நாளை ஈஸ்டர். காலையில் எழுந்ததும் ஒரு யோசனை உதித்தது. வேண்டுதல் நிறைவேறிய பிறகுதான் மொட்டை என்பது பழைய கால நடைமுறை. நம் ஊரில் அட்வான்ஸ் வாங்காமல் எவன் தறியில் நூல் ஏற்றுகிறான்? முருகனுக்கும் வேலை நெருக்கடி இருக்கும். ஆகையால் முன்னதாகவே முடியைக் கொடுத்துவிடப் போகிறேன். சாமியே ஆனாலும் வாங்கிய பிறகு இல்லை என்று சொல்ல முடியாது.

நாளை விடிந்ததும் முதல் பஸ். யாரிடமும் சொல்லவில்லை. இஃபெயானி தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏதோ சரக்குச் சிக்கல் என்று நேற்றே போய்விட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றைய நாளை முறையாக எழுதவேண்டும்.

மொட்டை நல்லபடி முடிந்தது. நாவிதர், "இத்தனை வருசத்துல இப்பிடியொரு மண்டையப் பாத்ததில்லைங்க" என்று சொன்ன மாதிரிதான் இருந்தது. சந்தனம் பூசிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வரும்போது மாலை ஐந்தரை ஆகிவிட்டது. மாடியில் கதவு திறந்திருந்தது. போன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நேராக ஏறிவிட்டேன்.

மேஜையில் குக்கர் மேல் சாய்த்து வைத்த போன். அதற்குள் எனுகு: புது உடுப்புடன் இருபது பேர், நடுவில் பூப்போட்ட தொப்பியுடன் ஒபியோரா. இந்தப் பக்கம் சோபா நுனியில் சின்னு, வாயை இறுக்கிக்கொண்டு. அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நிலைமை தோல்விதான் என்று பார்த்ததும் தெரிந்தது.

நான் போனுக்கு முன்னால் போய் நின்று கம்பீரமாக "ன்னோ!" என்றேன். பிறகு கோவில் நினைப்பு மாறாததால், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கூப்பி, கண்ணை மூடி, "அரோகரா!" என்றும் சொன்னேன்.

ஒபியாகேலி திரும்பினாள். என் மண்டையைப் பார்த்தாள். ஊரில் மொட்டை அவள் பார்க்காததல்ல. என் மொட்டையைப் பார்த்ததில்லை. கையிலிருந்த கறிவேப்பிலைக் கொத்தைக் கீழே போட்டாள். தலையில் கட்டியிருந்த துணியை இழுத்து முகத்தில் பொத்திக்கொண்டு, சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு அளவுக்கு மீறினால் அவளுக்குச் சத்தமே வராது.

அந்தப் பக்கத்தில் ஒரு நொடி எல்லோரும் சிலையாகிவிட்டார்கள். பிறகு ஒரு பெண் "இஃபெயானி!" என்று அலறினாள். ஒபியோராவின் தொப்பி கீழே விழுந்தது. நெஞ்சில் அறைந்துகொண்டார். பின்னால் குழந்தைகள் ஓ என்று அழுதார்கள். என் பக்தியைப் பார்த்து உருகிவிட்டார்கள் என்று நினைத்து, கையை இன்னும் உயரத் தூக்கினேன்.

"மாமா! கையக் கீழ எறக்குங்க!"

சின்னு பாய்ந்து போனைப் பிடுங்கினாள். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பால்கனிக்கு ஓடினாள். "ம்பா! ம்பா! ம்பா!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இக்போ. மடை திறந்த மாதிரி. நிறுத்தாமல், திணறாமல், ஒரு கையால் என்னைக் காட்டி, தலையைத் தடவிக் காட்டி, அம்மா பக்கம் போனைத் திருப்பி, கோபத்தில் காலை உதைத்து. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

தரையில் இருந்த ஒபியாகேலிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முகத்தில் இருந்த துணியை எடுத்தாள். அப்படியே உட்கார்ந்து, பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னு போனைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மாமா, என்ன காரியம் பண்ணியிருக்கறீங்கன்னு தெரியுமா? அங்கெல்லாம் வீட்டுல சாவு விழுந்தாத்தான் சொந்தக்காரங்க மொட்டை அடிப்பாங்க! நீங்க அம்மாவோட அண்ணன்னு சொல்லி வெச்சிருக்கறீங்க. மொட்டையடிச்சுட்டு வந்து கைய மேல தூக்கிட்டு நிக்கறீங்க. அம்மா கீழ உக்காந்து குலுங்குது. அப்பாவுக்கு ரெண்டு மணி நேரமாப் போன் போகல. எங்கப்பா செத்துப்போச்சுன்னு நெனச்சுட்டாங்க!"

"அடக் கடவுளே. நீ ஊருக்குப் போகக் கூடாதுன்னு பழனிக்குக் குடுத்த முடி சாமி இது. இப்பத் தெளிஞ்சுதா?"

"தெளிஞ்சுது."

போனுக்குள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. சின்னுவின் முகம் இறுகியதைப் பார்த்தேன்.

"ஆரப் பாத்துச் சிரிக்கறாங்க?" என்று கேட்டேன்.

போனைப் பார்த்தாள். காதில் வைத்துக் கேட்டாள். "உங்களப் பாத்துத்தான் மாமா."

"அப்பச் செரி. நல்லாச் சிரிக்கட்டும். போனக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, பின் மண்டையும் தெரியட்டும்."

காட்டினேன். மறுபடி பார்க்கவேண்டும் என்றார்களாம். மறுபடியும் காட்டினேன். மூன்றாவது தடவை சின்னுவே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அங்கே யாரோ பதில் சொன்னார்கள். அப்படியே அது பேச்சாகிவிட்டது. நான் கீழே இறங்கி வரும்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

இஃபெயானியின் போனில் சார்ஜ் இல்லையாம். அவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் ஒபியாகேலி ஒரு கிண்ணத்தில் கருவாடு போட்ட குழம்புடன் வந்தாள். மொட்டையடித்த மறுநாள் நான் கவுச்சி சாப்பிடுவதில்லை. சாப்பிட்டேன்.

"டிக்கெட் கேன்சல், ஓனர்" என்றாள். "மே மாசம் நானும் அவளும் லீவுக்குப் போறோம். ஜூன்ல ரெண்டு பேரும் வந்துருவோம். ஆறாவது இங்கதான்."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே. என்ற பாடம் வீணாகுமா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ராத்திரி எங்கிட்டயும் பேசினா. எங்க பாஷையில. நான் அன்னிக்குச் சிரிச்சேன்னு சொன்னா." கிண்ணத்தின் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "எனக்கு ஞாபகமே இல்ல ஓனர். அவளுக்கு இருக்கு."

நான் மொட்டையைத் தடவிக்கொண்டேன்.

"அண்ணன் கேட்டார், இந்த ஆள் எதுக்கு முடி கொடுத்தான்னு. சின்னு எல்லாம் சொல்லிட்டா. அவ போகக் கூடாதுன்னு சாமிகிட்ட கொடுத்தீங்கன்னு. நீங்க என் அண்ணன் இல்ல, வெறும் ஹவுஸ் ஓனர்ன்னும் சொல்லிட்டா."

"அத எதுக்குச் சொன்னா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து வருடமாகக் கட்டிக் காத்த பெயர்.

"அவர் நம்பல."

"என்னது?"

"ஹவுஸ் ஓனர் எவனாவது முடி கொடுப்பானா, சின்னப் பொண்ணு அவளுக்கு என்ன தெரியும், அது தாய்மாமன்தான்னு சொல்லிட்டார்."

குழம்பில் காரம் அதிகம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் ஊர் மிளகாய் அப்படி.

துரைசாமி கடையில், எனுகு மாநகரத்தில் என் படம் வைத்து ஊர்வலம் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சின்னு சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தேன். பாடம் தொடர்கிறது. எனக்கு ஏழு வந்துவிட்டது.

டீக்கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மெல்போர்னுக்குப் போன் போட்டேன். ரங்கநாதன்தான் எடுத்தான். "நீச்சல் கிளாஸ்ப்பா" என்று ஆரம்பித்தான்.

"தெரியும்டா. வீடியோல மட்டும் வா. அவ பக்கத்துல இருந்தா என்ற மண்டையக் காட்டு, போதும்."

சற்று நேரம் வெறும் சுவர் தெரிந்தது. பிறகு திரை ஓரத்தில் ஒரு கண். அப்புறம் இன்னொரு கண்.

"தாத்தா, உன் முடி எங்க போனான்?"

சிரிக்கவில்லை. பல் வலி.

பிறகு நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். முருகனுக்கு முடி கொடுத்த கதையை முழுக்க இங்கிலீஷில். அந்த பாஷை எனக்கு எப்படி வரும் என்பது ஊரறிந்தது. முதல் வரியிலேயே மித்ரா வாயைப் பொத்தினாள். இரண்டாவது வரியில் சோபாவிலிருந்து கீழே விழுந்தாள். "தாத்தா, அகெய்ன்! அகெய்ன் சொல்லு!" என்றாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். பக்கத்துவீட்டு வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று வந்திருந்தது, அதையும் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

மறுபடி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருக்கா என்றாள். சொன்னேன்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நான் நீச்சல் கிளாசுக்குப் போகிறவன் இல்லை.